காக்கை எடுத்த ரப்பர் இறால்

என் தம்பி சபாபதிக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் பேட்டை போட்டாதாங்கில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பேசியவர்களில் ஒருத்தராவது ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னார்களா? நான் பார்த்தேன். ரங்கூனில் நான் ஏறாத படி இல்லை. ஏறின படியில் எல்லாம் காப்பியைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள் என்றால் நான் என்ன செய்ய?

விஷயம் இதுதான். ஆற்றோரம், படகுத்துறைக்குப் போகிற வழியில், அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடை. தூண்டில் முள், நைலான் நரம்பு, ஈயக்குண்டு, மிதவை, வலை பின்னும் நூல் எல்லாம் கிடைக்கும். ஆனால் நாங்கள் சைவம். அதுவும் சாதாரணச் சைவம் இல்லை, அமாவாசையன்று வெங்காயத்துக்கே வீட்டில் இடம் கிடையாது. அப்பா கடையில் மண்புழு விற்க விட்டதில்லை, தவளை விற்க விட்டதில்லை. மீனும் கையுமாக எவனாவது வந்தால், "அத வெளியில வச்சிட்டு வாப்பா" என்பார். சைவக்காரர் இந்த வியாபாரம் செய்யலாமா என்று கேட்டவர்களிடம், "கத்தி விக்கிறவன் எல்லாம் கொலைகாரனா?" என்று திருப்பிக் கேட்பார். அப்பாவுக்குப் பிறகு கடை சபாபதிக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தவறியபின் நான் பிறந்த வீட்டுக்கே திரும்பினேன், அடுப்படி என் கைக்கு வந்தது.

ஆக, சைவக் குடும்பங்களுக்கு என் தம்பி மீன்காரன். உயிர்க்கொலைக்குத் துணைபோகிற தொழிலாம். சரி, மற்றவர்கள் வீட்டில் கேட்கலாம் என்று போனால் அங்கே வேறு பிரச்சினை. "உங்க வீட்டுல நாப்பி உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. மீனை உப்புப் போட்டு ஊறவைத்து இடித்து வைத்திருப்பார்களே, அந்த விழுது. பர்மாவில் பிறந்த பெண்ணுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. எனக்கோ அந்த வாசம் தெருமுனையில் வந்தால் இங்கே தலை சுற்றும். "இல்லை" என்பேன். காப்பி வரும், கதவு சாத்தப்படும்.

சபாபதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தெரியாத வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன். "அண்ணே, இதுல எந்த முள்ளு நல்லா இருக்கும்?" என்று கேட்டால், "நான் மீன் பிடிச்சதில்லைங்க, தெரியாது" என்பான். வந்தவன் முழித்துக்கொண்டு நிற்பான். இவனும் கூடச் சேர்ந்து முழிப்பான். டேய், ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக் கொடேன் என்று எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். "தெரியாம எப்படிக்கா சொல்றது?" என்பான்.

இரண்டாயிரத்து நாலில் பர்கத்துல்லா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கீழ் வீட்டுக்காரன், கப்பலில் சமையல் வேலை, சபாபதியோடு ஒன்றாகப் படித்தவன். பெட்டிக்குள் கண்ணாடித்தாள் பைகள். பைக்குள் ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக்கில் ஒரு பிராணி. இறாலும் இல்லை, நண்டும் இல்லை. இறால் உடம்புக்கு நண்டுக் கொடுக்கு இரண்டை ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

"ஜப்பான்ல வாய்க்கால் வாய்க்காலா இந்தச் சிங்கி இறால்தான். பாஸ்னு ஒரு மீன் இதுக்கு உசிர விடும்" என்றான் பர்கத்துல்லா. "அங்க எவனும் புழு தேடுறதில்ல. இத மாட்டிப் போடுறான், பிடிக்கிறான்."

"நம்ம ஊர்ல பாஸ் ஏது?" என்றேன்.

"விரால் இருக்குல்ல அக்கா. அது வாய்க்கு எதிர்ல வந்தா செருப்பக்கூட விடாது."

சபாபதி ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, சோம்பு வாசம்." எனக்கும் நீட்டினான். நிஜமாகவே சோம்புதான், கொஞ்சம் உப்பும் சேர்த்திருந்தார்கள். "புழுவும் இல்ல, தவளையும் இல்ல. இது சைவ இறால். அப்பா இருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பார்" என்றான். கடை வாசலில் கயிறு கட்டி எல்லாவற்றையும் தோரணமாகத் தொங்கவிட்டான். கறுப்பு, பச்சை, பழுப்பு, சிவப்புப் புள்ளி போட்டது, கொடுக்கு அகலமானது, கொடுக்கு நாடா மாதிரி நீண்டது என்று தினுசு தினுசாகத் தொங்கின. வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், அமுக்கிப் பார்த்தார்கள், எது நல்லா இருக்கும் என்று கேட்டார்கள். இவன் தெரியாது என்றான். ஒன்றுகூட விற்கவில்லை.

அந்தத் தோரணத்தைப் பார்க்கத்தான் லக்ஷ்மிப்ரியா முதலில் வந்தாள், தன் அப்பாவோடு. அப்பாவைப் பர்மா மரியாதைப்படி ஊ கருப்பையா என்பார்கள், இன்சீனில் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தூண்டில் பைத்தியம். அம்மா பர்மாக்காரி, காலமாகிவிட்டாள். பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கும், தையல் கடையில் வேலை. பேச்செல்லாம் பர்மியம்தான், தமிழ் வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துத்தான் வரும். கருப்பையா எது நல்லது என்று கேட்டார். சபாபதி வழக்கமான பதிலைச் சொன்னான். அவர் முகம் சுருங்கியது. அவள் சிரித்துவிட்டாள்.

"அப்பா, இவரு நிஜம் சொல்றாரு" என்றாள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவளுக்கு ஈயக்குண்டு தேவைப்பட்டது. ஒரு வீட்டுக்கு அவ்வளவு ஈயக்குண்டு எதற்கு? இவனும் ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்றான். நான் குருடியா என்ன. ஒரு நாள் கேட்டேன்: "டேய், அந்தப் பொண்ணப் பிடிச்சிருக்கா?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ரசம் முழுக்கத் தட்டிலிருந்து தரைக்கு ஓடிவிட்டது, அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் தனக்கென்று ஒன்றைக் கேட்டதில்லை. மறுநாளே ஊரைச் சுற்றி வருகிற வட்ட ரயிலைப் பிடித்து இன்சீனுக்குப் போனேன்.

கருப்பையா மரியாதையாக உட்காரவைத்தார். டீ கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"உங்க தம்பி நல்லவருதாம்மா. ஆனா விக்கிற சரக்கப் பத்தித் தெரியாதுங்கிறாரு. மீன் பிடிச்சதில்ல, தின்னதில்ல, தொட்டதுகூட இல்ல. நாங்க மீன் இல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல. தாயில்லாப் பிள்ளை, நாளைக்கு உங்க வீட்டுல மூக்கப் பொத்திக்கிட்டு இவளத் தள்ளி வச்சா நான் என்ன செய்வேன்?"

"யாரும் தள்ளி வைக்க மாட்டோம்."

"சொல்றது லேசு. ஒண்ணு பண்ணலாம். அந்த ரப்பர் இறால்ல நல்லது எதுன்னு உங்க தம்பியே பாத்து எடுக்கட்டும். மிங்கலாடோனுக்கு அந்தாண்ட ஒரு குளம் இருக்கு, அங்க வந்து அதுல ஒரு விரால் பிடிக்கட்டும். கரையில எனக்கு மீனக் காட்டினா எம் பொண்ணக் குடுக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆனால் பெண்ணைப் பெற்றவரிடம் சீற முடியுமா? வீட்டுக்கு வந்து தம்பியிடம் சீறினேன்.

"உசிர் போச்சுன்னா என் அடுப்படிப் பக்கம் வராத. சொல்லிட்டேன்."

"முள் இல்லாமப் போடுறேன்க்கா" என்றான்.

"முள் இல்லாம எவன்டா மீன் பிடிப்பான்?"

"தெரியாதுக்கா" என்றான்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக இல்லை. குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருக்குமாம். அதற்காக அரிசி களைந்த கழுநீரை எல்லாம் என் செப்பு அண்டாவில் சேர்த்து வைத்தான். பொங்கலுக்கும் திருவாதிரைக்கும் இறக்குகிற அண்டா. அதற்குள் ஒவ்வொரு இறாலாக நூலில் கட்டி இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பார்ப்பான். பச்சை கழுநீரில் காணாமலே போகிறதாம். அகலக் கொடுக்கு தண்ணீரை அடிக்கிறதாம். நாடாக் கொடுக்கு சும்மா நிறுத்தினாலும் நடுங்குகிறதாம். சாப்பிடக் கூப்பிட்டால், "இருக்கா, பழுப்பு இப்பத்தான் முழுகுது" என்பான். கடைசியில் இரண்டு மிஞ்சின. நாடாக் கொடுக்குக் கறுப்பு ஒன்று, அகலக் கொடுக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தவித்தான்.

மூன்றாம் நாள் அமாவாசை. நான் தலை முழுகி, வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் சோறும் வைத்து, பால்கனிக் கட்டையில் இலை போட்டு அப்பாவை நினைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். எங்கள் காக்கை தவறாமல் வரும். வந்தது. இலையைப் பார்த்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. அப்புறம் ஒரு தத்துத் தத்தி, கட்டையின் அந்தக் கோடியில் எதையோ கவ்விக்கொண்டு மின்கம்பிக்குப் போய்விட்டது.

ராத்திரி கழுவிய இரண்டு இறாலையும் அந்த மடையன் அங்கே காயப் போட்டிருக்கிறான்.

காக்கை கறுப்பு இறாலைக் கம்பியில் வைத்து மிதித்து ஒரு கொடுக்கைப் பிய்த்தது. ருசி பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, மற்றதைக் கீழே விட்டது. கீழே எங்கள் வாசலில் மொகிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கிற டோ ம்யா அம்மாள், குழம்புப் பானையைத் திறந்து வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். நேராக அதற்குள் விழுந்தது. டோ ம்யா அகப்பையால் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே பார்த்து, "இறால் போட்டா விலைய ஏத்தணும்" என்று பர்மியத்தில் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

சபாபதி மாத்திரம் சிரிக்கவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அப்பா எடுத்துக் குடுத்துட்டார்."

"வாய மூடு. அப்பா சைவம்டா."

"அப்பாதானே வந்தது? நீதானே கூப்பிட்ட?"

கூப்பிட்டது நான்தான். காக்கை திரும்பி வந்து இலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் பொரியலை விட்டுவிட்டு ஜப்பான் ரப்பரை எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் அன்று முழுவதும் அப்பாவோடும் பேசவில்லை, தம்பியோடும் பேசவில்லை. மொகிங்காவில் முழுகிய அந்த இறாலை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றேன். பால்கனியிலிருந்து சாமான் ஏற்றி இறக்கத் தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் அதைக் கட்டி வைத்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

குளத்துக்கு நான் வரவில்லை என்றேன். போனேன். இவன் கடைசி நிமிஷத்தில் முள்ளை மாட்டிவிடுகிறானா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? வட்ட ரயிலில் மிங்கலாடோனில் இறங்கி, வயல் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கருப்பையாவும் லக்ஷ்மிப்ரியாவும் முன்னாலேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சபாபதி சட்டைப் பையிலிருந்து இறாலை எடுத்தான். கருப்பையா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கொடுக்கக் காணோமே?"

"அப்பா கடிச்சுட்டார்" என்றான் சபாபதி.

கருப்பையா என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். அவர் அதை முகர்ந்தார். "மொகிங்கா வாசம் அடிக்குது. முள்ளு எங்க?"

"முள் கிடையாதுங்க. உசிர் போகக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

கருப்பையா சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "சரி, போடுங்க" என்றார்.

தூண்டில் கழியில் கோத்த நரம்பின் நுனியை இறாலின் இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டி, ஒரு ஈயக்குண்டும் கோத்து வீசினான். முதல் வீச்சு மரத்தில் மாட்டியது. இரண்டாவது என் குடையில் மாட்டியது. அப்புறம் போனதெல்லாம் கரைச் சேற்றிலேயே விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் லக்ஷ்மிப்ரியா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். "இழு. நிறுத்து. இழு. நிறுத்து. அவசரம் வேணாம்." என் தம்பியின் காது சிவந்து போனது. அடுத்த வீச்சு அல்லிக் கொடிகளுக்கு நடுவே சரியாகப் போய் விழுந்தது. ஒற்றைக் கொடுக்கோடு அந்த இறால் கோணல் மாணலாக நொண்டிக்கொண்டு வந்தது. ஊனமான இறால்தானே என்று நினைத்ததோ என்னவோ, தண்ணீர் சட்டென்று பிளந்தது. கழி வளைந்தது.

"அக்கா" என்றான் சபாபதி.

"நரம்பத் தொய்ய விடாதீங்க" என்றார் கருப்பையா. "முள்ளு இல்ல. பல்லு மட்டும்தான் ரப்பர்ல பதிஞ்சிருக்கு. தொய்ஞ்சா விட்டுரும்."

தொய்யக் கூடாது என்றதும் என் தம்பி செய்த காரியத்தை இந்த உலகத்தில் வேறு தூண்டில்காரன் எவனும் செய்திருக்க மாட்டான். திரும்பி நின்று, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குக் கிடாயை இழுக்கிறவன் மாதிரி மேட்டைப் பார்த்து ஓடினான். விரால் தண்ணீரிலிருந்து வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். சேற்றில் இரண்டு புரளல் புரண்டது, வாயைத் திறந்தது, இறாலைத் துப்பியது. சபாபதிக்குத் தெரியாது. அவன் ஓடிக்கொண்டே இருந்தான். பின்னால் வெறும் ரப்பர் குதித்துக் குதித்துப் போயிற்று.

விரால் பொல்லாதது, தரையில்கூட ஊரும். வயிற்றை வளைத்து வளைத்துத் தண்ணீரைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. லக்ஷ்மிப்ரியா பாய்ந்தாள். கருப்பையா அவள் கையைப் பிடித்து, "நில்லு" என்றார். எனக்கு அது கேட்டது. தண்ணீருக்கும் மீனுக்கும் நடுவில் நான் மட்டும்தான் நின்றேன்.

மேட்டில் என் தம்பி ஓடுகிற முதுகைப் பார்த்தேன். காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டை, நனைந்து ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்கும்போது அவனுக்கு மீன் இருக்காது. இந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள். அப்புறம் நான் வைத்த ரசத்தை ஊற்றிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, என்னோடேயே கிழவனாகிப் போவான். என்னால் அதைத் தாங்க முடியாது. குடையைப் போட்டுவிட்டு விழுந்தேன்.

ஆமாம், மீன் மேல்தான். பிறந்ததிலிருந்து மீன் வைத்த தட்டைத் தொட்டவள் இல்லை நான். அது சில்லென்றும் வழவழவென்றும் இருந்தது, முழுக்க முழுக்கச் சதை. அது துள்ளியது, நானும் கூடத் துள்ளினேன். புடவை, தலை, வாய் எல்லாம் சேறு. இரண்டு கையாலும் கழுத்தோ செவுளோ கிடைத்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கரையிலதான் இருக்கு, பாத்துக்குங்க, கரையிலதான் இருக்கு" என்று கத்தினேன்.

கருப்பையா வந்து என் எதிரில் குந்தினார். "போதும்மா."

"என்ன போதும்? அவன் பிடிக்கல, நீங்க பிடிச்சீங்க, செல்லாதுன்னு சொல்லப்போறீங்க. முடியாது. இழுத்து வந்தது அவன்."

"உங்க தம்பி பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன. அவரு வாயில்லாப் பூச்சி, அவரப் பத்தி எனக்கு என்ன பயம்? எம் பொண்ணு வந்து நிக்கப்போறது உங்க அடுப்படில. அவளுக்காக நீங்க எவ்வளவு தூரம் இறங்கி வருவீங்கன்னு தெரியாம இருந்துச்சு. தெரிஞ்சுபோச்சு."

"அத அன்னிக்கே வாயத் திறந்து கேட்டிருக்கலாமே. இந்தச் சேத்துல உருட்டணுமா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குள் சபாபதி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கையில் ரப்பர் இறாலோடு, என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"விட்ருங்க அக்கா, பாவம், தண்ணிக்குப் போகட்டும்" என்றாள் லக்ஷ்மிப்ரியா.

நானும் விடத்தான் பார்த்தேன். விரல் வரவில்லை. பயத்தில் அப்படியே இறுகிப்போயிருந்தது. அவள் என் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். விரால் ஒரு உதறு உதறித் தண்ணீருக்குள் போயிற்று. என் கை மட்டும் அவள் கையில் இருந்தது. அழுகை வந்துவிட்டது. வந்தால் என்ன, சேற்றில் யாருக்குத் தெரியப்போகிறது?

"நாப்பிப் பானைய பால்கனில வச்சுக்கோ" என்றேன். "உள்ள வேணாம்."

"மூடி போட்டு வைக்கிறேன், அக்கா."

"வாசம் வராதுல்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மூடினாலும் வரும், அக்கா" என்றாள்.

"வரட்டும்" என்றேன்.